திண்ணைக்கு ஐந்து கல்லா, ஆறு கல்லா? அடுத்த ஃப்ளோட் எண்ணைத் தேடி ஒரு சண்டை

ஆத்தங்குடிக்காரன்: காரைக்குடியில் ஒரு வீட்டுக்குத் தரைக்கல் கணக்குப் போட ஜாவாஸ்கிரிப்டில் சின்ன நிரல் எழுதினேன். திண்ணை அகலம் 1.2 மீட்டர், ஆத்தங்குடிக் கல் 0.2 மீட்டர். எந்தக் கொத்தனாரும் ஆறு என்பார். நிரலில் 1.2 / 0.2 வகுத்தால் 5.999999999999999 வருகிறது, ஃப்ளோர் போட்டால் (புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டினால்) ஐந்து. எப்சிலானைக் கூட்டிப் பார்த்தேன், எண் அசையவே இல்லை. கணினி சேமிக்கக்கூடிய ஃப்ளோட் (தசம) எண்களில் இதற்கு அடுத்து இருப்பதை எப்படி எடுப்பது?

பள்ளத்தூர் பிட்டு: தம்பி, எப்சிலான் என்பது 1-க்கும் அதற்கு அடுத்த டபுளுக்கும் (64 பிட் ஃப்ளோட் எண்ணுக்கும்) உள்ள இடைவெளி, 2-இன் மைனஸ் 52-ஆம் அடுக்கு. 4-லிருந்து 8 வரை இடைவெளி அதைப்போல நான்கு மடங்கு. கால் பங்கைக் கூட்டினால் ரவுண்டாகிப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேல் போனால் அடுத்த எண்ணே 2 தள்ளித்தான் இருக்கிறது. அடுத்த எண்ணைத் தரும் நெக்ஸ்ட்ஆஃப்டர் ஃபங்ஷன் சி மொழியின் சி99 பதிப்பில் உண்டு, பைத்தானில் 3.9 முதல் உண்டு, ஜாவாவிலும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில்தான் கிடையாது. ஒரே பஃபரை (நினைவகத் துண்டை) ஃப்ளோட்64 அரேயாகவும் பிக்இன்ட்64 அரேயாகவும் திற. பிட்டுகளை முழு எண்ணாகப் படித்து 1 கூட்டு. முடிந்தது. ஃப்ளோட் எண்ணைச் சேமிக்கும் தரமான ஐஇஇஇ 754-இல் அடுக்குப் பகுதி மேல் பிட்டுகளிலும் பின்னப் பகுதி கீழேயும் இருப்பதால், நேர்ம எண்களின் வரிசையும் பிட்டுகளின் வரிசையும் ஒன்றேதான். உன் விடைக்கு அடுத்தது சரியாக 6.

செக்காலை ரோடு: அண்ணே, 'முடிந்தது' என்று இவ்வளவு சீக்கிரம் சொல்லக்கூடாது. எதிர்ம எண்ணில் 1 கூட்டினால் கீழே போகும், அங்கே கழிக்க வேண்டும். மைனஸ் பூஜ்யத்தில் கூட்டினால் மிகச் சின்ன எதிர்ம எண் வரும். முடிவிலியில் கூட்டினால் எண்ணே அல்லாத NaN வரும். நான்கு இஃப் (நிபந்தனை) எழுதாமல் இதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பள்ளத்தூர் பிட்டு: திண்ணை அகலம் எதிர்மமாக இருந்தால் அது வீட்டுக்காரர் பிரச்சினை. மற்றபடி நீ சொல்வது சரிதான்.

கானாடுகாத்தான் பொண்ணு: இஃப் இருக்கட்டும், கேள்வியே கோணல் என்கிறேன். ஒரு படி நகர்த்தினால் 6 வந்தது என்பது இந்த வகுத்தலின் அதிர்ஷ்டம். 0.2-ஐ வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகும் நிரலில் பிழை சேர்ந்துகொண்டே போகும். எத்தனை படி நகர்த்துவீர்கள்? ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தட்டின்மேல் கையால் வார்ப்பது. ஒரு கல்லுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு மயிரிழையாவது வித்தியாசம் இருக்கும். அப்படியிருக்க, பதினாறாவது இலக்கத்தில் பக்கத்து எண் எது என்று தேடி என்ன பண்ணுவது? மில்லிமீட்டரில் முழு எண்ணாக வையுங்கள், 1200-ஐ 200-ஆல் வகுத்தால் ஆறுதான்.

பள்ளத்தூர் பிட்டு: ஆச்சி, கல்லை 45 டிகிரி சாய்த்துப் பதிக்கச் சொன்னால்? மூலைவிட்டம் 200 பெருக்கல் ரூட் 2, சுமார் 282.84. அதை எந்த முழு எண்ணில் வைப்பீர்கள்?

கானாடுகாத்தான் பொண்ணு: ஆச்சியெல்லாம் வேண்டாம் அண்ணே, எனக்கு அவ்வளவு வயதாகவில்லை. சாய்த்துப் பதித்தால் அகலத்தோடு ஒரு மில்லிமீட்டர் கூட்டிவிட்டு வகுப்பேன். அந்த ஒரு மில்லிமீட்டர் கொத்தனார் விடும் சந்திலிருந்து வருவது. நெக்ஸ்ட்ஆஃப்டர் தரும் இடைவெளி எண்ணைச் சேமிக்கும் முறையிலிருந்து வருவது. பின்னதுக்கும் தரைக்கும் என்ன சம்பந்தம்?

செக்காலை ரோடு: இதில் நான் அக்கா பக்கம். ஆனால் அந்த ஃபங்ஷனே வேண்டாம் என்று அர்த்தமில்லை. விடை எந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது என்று உத்தரவாதம் தரும் கணக்குகளில் கீழ் எல்லையை ஒரு படி கீழேயும் மேல் எல்லையை ஒரு படி மேலேயும் தள்ளத்தான் வேண்டும். டெஸ்ட் எழுதும்போதும் எல்லைக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று என்று கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கானாடுகாத்தான் பொண்ணு: அதற்கெல்லாம் தாராளமாக. ஃப்ளோருக்கு முன்னால் ஒட்டுப்போட மட்டும் வேண்டாம்.

ஆத்தங்குடிக்காரன்: மில்லிமீட்டருக்கு மாற்றிவிட்டேன், ஆறு வருகிறது. பிட்டு அண்ணன் சொன்ன வழியை டெஸ்ட் ஃபைலில் வைத்துக்கொள்கிறேன், இஃப்களோடு.

பள்ளத்தூர் பிட்டு: வை. ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டரை யார் முடிவு செய்தது என்று கமென்டில் எழுதி வை. நாளைக்கு வேறு சைஸ் கல் வந்தால் அதுவும் ஒட்டுதான்.