போலிக் கையொப்பத்தைக் கண்டறியும் நியூரல் நெட்வொர்க்: சோதனையில் 98 விழுக்காடு, நேரில் தோல்வி. உதவி தேவை

கேள்வி (இறுதியாண்டு மாணவி, சிங்கப்பூர்)

வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரித் திட்டப்பணிக்காக, இரண்டு கையொப்பப் படங்களை ஒப்பிட்டு, அவை ஒருவரே இட்டவையா என்று சொல்லும் சயாமீஸ் நெட்வொர்க் (இரு படங்களையும் ஒரே மாதிரியான இரு கிளைகளில் செலுத்தி ஒப்பிடும் நியூரல் நெட்வொர்க்) ஒன்றைப் பயிற்றுவித்து வருகிறேன். சமூக மன்றத்துக்கு வரும் முதியோர் 40 பேரிடம் இசைவு பெற்று, தலைக்கு 12 அசல் கையொப்பங்களைத் திரட்டினேன். போலிகளை என் வகுப்புத் தோழர்கள் பழகிப் பார்த்து எழுதித் தந்தனர். இரண்டிரண்டாகச் சேர்த்த கையொப்ப இணைகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கியபோது 98 விழுக்காடு சரியாக வந்தது. ஆனால் தேக்காவில் மாமாவின் கடையில் சோதித்தபோது, அவர் தம் கையால் இட்டதையே போலி என்றது. நான் அவரைப் போல எழுதியதை அசல் என்று ஏற்றது. நெட்வொர்க்கின் அடுக்குகளைக் கூட்டியும் பயனில்லை.

மறுமொழி 1

அசலையும் போலியையும் ஒரே வகைத் தாளில் வாங்கி, ஒரே கருவியால் படமாக்கினீர்களா?

மாணவி

இல்லை ஐயா. அசல்கள் கோடு போட்ட தாளில் இடப்பட்டு ஸ்கேன் செய்யப்பட்டவை. போலிகள் வெள்ளைத் தாளில் எழுதிக் கைப்பேசியில் எடுத்தவை. மாமாவின் பழைய மாதிரியும் ஸ்கேன்தான். புதிதாக இட்டதைக் கைப்பேசியில் எடுத்தேன். நான் எழுதிய போலியை, அவர் அப்போது இட்ட கையொப்பத்தோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒரே தாளில் இருந்தன.

மறுமொழி 1

அப்படியானால் உங்கள் நெட்வொர்க் தாளைத்தான் படித்திருக்கிறது: தாளும் படமும் ஒரே வகையானால் அசல், வேறானால் போலி என்று. ஒவ்வொரு படத்திலும் மை படாத ஓரத் துண்டை மட்டும் வெட்டி, அதைக் கொண்டே மறுபடி பயிற்றுவித்துப் பாருங்கள். அப்போதும் உயர்ந்த மதிப்பெண் வந்தால் ஐயமே இல்லை. போலிகளை அதே தாளில் மீண்டும் வாங்கி, அதே ஸ்கேனரில் எடுங்கள். பிறகு ஓட்சு முறையால் (மையையும் தாளையும் பிரிக்கும் ஒளி அளவைத் தானே கணக்கிடும் முறை) பின்னணியை வெண்மையாக்குங்கள். மையின் சாம்பல் நிறச் செறிவை மட்டும் அழித்துவிடாதீர்கள், பேனாவை அழுத்திய தடயம் அதில்தான் ஓரளவு எஞ்சும்.

மறுமொழி 2

இணைகளைக் கலைத்ததும் பிழையே. ஒருவருடைய கையொப்பங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் சேர்ந்து வந்தால், முன்பின் பார்த்திராத ஒருவரிடம் நெட்வொர்க் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியாது. 30 பேரைப் பயிற்சிக்கு வைத்து, 10 பேரை முழுவதும் ஒதுக்குங்கள். 40 பேர் குறைவுதான் என்பதால், 100 வங்காளிக் கையொப்பக்காரர்களையும் 160 இந்திக் கையொப்பக்காரர்களையும் கொண்ட பிஎச்சிக்260 (BHSig260) என்ற கையொப்பப் படத் தொகுப்பில் முதலில் பயிற்றுவித்துவிட்டு உங்கள் தரவுக்கு வரலாம். போலியை ஏற்ற விகிதத்தையும் அசலை மறுத்த விகிதத்தையும் தனித்தனியே எழுதுங்கள். ஒற்றை விழுக்காடு இரண்டையும் மறைத்துவிடும்.

இன்னொன்று: 1993இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் சயாமீஸ் நெட்வொர்க்கை முன்வைத்ததே கையொப்பத்துக்காகத்தான். ஆனால் அவர்களுடையது மின்பலகையில் இட்ட கையொப்பம். பேனா நகர்ந்த வரிசை அவர்களுக்குக் கிடைத்தது. உங்களிடம் இருப்பதோ உலர்ந்த மை மட்டுமே, ஆகவே அவர்களுடைய எண்களோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள்.

மாணவி

ஓரத் துண்டுகளை மட்டும் கொடுத்துப் பார்த்தேன்: 96 விழுக்காடு! போலிகளை மறுபடி வாங்கி, ஆட்களைப் பிரித்துச் சோதித்ததில், ஒதுக்கிய 10 பேரின் கையொப்பங்களில் 77 விழுக்காடு சரியாக வந்தது. கை நடுங்கும் இரண்டு பாட்டிமாரின் அசல்கள் இன்னும் மறுக்கப்படுகின்றன. 12 கையொப்பங்களையும் ஒரே அமர்வில் வாங்கியதால் அவர்களுடைய இயல்பான வேறுபாடு தரவில் வரவில்லை என்று நினைக்கிறேன். வரும் சனிக்கிழமை மன்றத்துக்குச் சென்று, இடைவெளி விட்டு மீண்டும் வாங்கத் தொடங்குகிறேன்.