சிரியா கொடி எமோஜி ஒரு கைபேசியில் பழையது, இன்னொன்றில் புதியது. எப்படிச் சரிசெய்வது?

மாலா:
வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்காக உலக நாடுகளின் பட்டியலை ஓர் இணையப் பக்கமாகப் போட்டிருக்கிறேன். நாட்டின் பெயர், தலைநகரம், பக்கத்தில் கொடி எமோஜி, அவ்வளவுதான். 2024 டிசம்பரில் ஆட்சி மாறியதும் சிரியாவின் கொடியும் மாறிவிட்டது. முன்பு மேலே சிவப்பு, நடுவில் இரண்டு பச்சை நட்சத்திரம். இப்போது மேலே பச்சை, நடுவில் மூன்று சிவப்பு நட்சத்திரம். என் கைபேசியில் இன்னும் பழையதுதான் தெரிகிறது. எமோஜியை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், கேச்சையும் (உலாவி சேமித்துவைக்கும் பழைய பிரதி) அழித்தேன், மாறவில்லை. தங்கையின் கைபேசியில் அதே பக்கம் புதிய கொடியைக் காட்டுகிறது! விண்டோஸ் கணினியில் கொடியே இல்லை, இரண்டு ஆங்கில எழுத்துதான் நிற்கிறது. பிள்ளைகள் தப்பாகப் படித்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. புதிய கொடிக்கு வேறு குறியீடு வந்திருக்கிறதா?

எழுத்துருப் பிரியன்:
வேறு குறியீடு கிடையாது, வரவும் வராது. நீங்கள் போட்டது படமே இல்லை. கொடி எமோஜி என்பது இரண்டு சிறப்பு எழுத்துகளின் சேர்க்கை. சிரியாவுக்கு எஸ், ஒய். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் உலகத் தரமான யூனிகோடு 2010இல் ஏ முதல் இசட் வரை இந்த 26 சிறப்பு எழுத்துகளை மட்டும் தந்தது. எந்த ஜோடி எந்த நாடு என்பது ஐஎஸ்ஓ 3166 என்ற உலகத் தரத்தின் ஈரெழுத்து நாட்டுக் குறியீட்டிலிருந்து வருகிறது. கொடி எப்படி இருக்க வேண்டும் என்று யூனிகோடு வரைவதே இல்லை. வரைவது படிப்பவரின் கருவியில் இருக்கும் எழுத்துரு (ஃபான்ட்). ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள்: அந்த இரண்டு எழுத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டால் கொடி உடைந்து தனித்தனி எழுத்தாக நிற்கும்.

தங்கையின் கைபேசியில் எழுத்துரு புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, உங்களுடையதில் இல்லை. விண்டோஸின் எமோஜி எழுத்துருவில் நாட்டுக் கொடிகளே இல்லை, அதனால்தான் எழுத்து தெரிகிறது. அதே கணினியில் பயர்பாக்ஸ் உலாவியில் திறந்தால் கொடி வரும், அது தன் எழுத்துருவைத் தானே கொண்டுவருகிறது.

கடல்நாரை:
மாலா அக்கா, உங்கள் கைபேசிக்கு இயங்குதளப் புதுப்பிப்பு வந்திருந்தால் போட்டுப் பாருங்கள். ஆனால் அது உங்களுக்கு மட்டும்தான் தீர்வு, பக்கத்தைப் படிக்கும் பிள்ளைகளுக்கு இல்லை. பாடத்துக்கான பக்கம் என்றால் எமோஜியை நம்பவே வேண்டாம். எஸ்விஜி (பெரிதாக்கினாலும் மங்காத பட வகை) படமாகக் கொடியை உங்கள் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். கொடி மாறினால் ஒரு கோப்பை மாற்றினால் போதும், எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியும்.

சிரியா மட்டும் இல்லை, மற்றவற்றையும் ஒருமுறை பாருங்கள். மொரிட்டானியா 2017இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி மேலும் கீழும் சிவப்புப் பட்டை சேர்த்தது. கிர்கிஸ்தான் 2023 டிசம்பரில் சூரியனின் வளைந்த கதிர்களை நேராக்கியது. சின்ன அளவில் பார்த்தால் அது கண்ணிலேயே படாது. ஆப்கானிஸ்தான்தான் சிக்கல்: 2021இல் தாலிபான் வெள்ளைக் கொடியை ஏற்றியது, ஐநாவில் பறப்பதோ பழைய மூவண்ணக் கொடி. அங்கே எந்தக் கொடியைப் போட்டாலும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள், பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டியதுதான்.

மாலா:
ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். படமாக மாற்றிவிட்டேன், மூன்று கருவியிலும் சரியாக வருகிறது. இன்னொரு சந்தேகம். 2015இல் சிரிய அகதிகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி, தலைப்பில் அந்த எமோஜியைப் போட்டிருந்தேன். அது என்ன ஆகும்?

எழுத்துருப் பிரியன்:
அதுவும் மாறும். எழுத்துரு புதுப்பித்தவர்களுக்கு 2015இன் குறிப்பிலும் இன்றைய கொடிதான் தெரியும். எழுதிய நாளில் எந்தக் கொடி இருந்தது என்ற தகவல் அந்த இரண்டு எழுத்தில் இல்லவே இல்லை. எனக்கு இதுதான் உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அந்தக் குறிப்பில் பழைய கொடியைப் படமாக வைத்து, கீழே 'அன்றைய கொடி' என்று ஆண்டோடு எழுதிவிடுங்கள். அப்புறம், எல்லாப் படங்களுக்கும் மாற்று உரை (படம் என்ன என்று சொல்லும் சொற்கள்) கொடுக்க மறக்காதீர்கள். பார்வையற்ற பிள்ளைகளுக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக் காட்டும். எமோஜி இருந்தபோது நாட்டின் பெயரை அதுவே சொல்லிவந்தது, படத்துக்கு நீங்கள்தான் எழுத வேண்டும்.

மாலா:
இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன்.