ரோட்டில் அடிபட்டவரை ஏற்றிப் போனால் சட்டப்படி யாருக்கு என்ன பொறுப்பு?

சரக்குவேன்_ஓசூர்:
எங்க சரக்கு வேன் டிரைவர்களுக்கு ஒரு பக்க அறிவிப்பு தயார் பண்றேன். டேஷ்போர்டு பக்கத்தில் ஒட்டி வைக்கிற மாதிரி இருக்கணும். வழியில் விபத்தைப் பார்த்தா வண்டியை நிறுத்தியே ஆகணும்னு சட்டம் இருக்கா? அடிபட்டவரை ஏற்றிக்கிட்டுப் போனா சாட்சி, கோர்ட்டுன்னு இழுப்பாங்களா? தனியார் ஆஸ்பத்திரியில் "முன்பணம் கட்டுங்க"ன்னு கேட்டா என்ன சொல்றது? இடிச்சதே நம்ம வண்டியா இருந்தா? வாட்ஸ்அப்பில் வர்றது ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கு. பிரிவு எண்ணோட சொன்னா உதவியா இருக்கும்.

கிளெய்ம்ஸ்_வக்கீல்:
ஒரே அறிவிப்பில் இரண்டையும் கலக்காதீர்கள். விபத்தைப் பார்த்த டிரைவர் வேறு, விபத்தில் சம்பந்தப்பட்ட வண்டியின் டிரைவர் வேறு. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பார்த்தவருக்கு நிறுத்தி உதவ வேண்டிய சட்டக் கடமை நம் நாட்டில் இல்லை. சில கடுங்குற்றங்களை அறிந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 33-ஆம் பிரிவு பட்டியல் போடுகிறது. கொலை அதில் உண்டு, கவனக்குறைவால் நேர்ந்த மரணம் இல்லை. ஆகவே உதவுவது முழுக்க மனசாட்சி சம்பந்தப்பட்டது. சட்டம் செய்திருப்பது, உதவுபவருக்குக் கவசம் கொடுத்ததுதான். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ சேர்ந்தது. பிரதிபலன் எதிர்பார்க்காமல் நல்லெண்ணத்தில் உதவியவர் தூக்கும்போது தவறியே அடிபட்டவருக்குக் காயம் கூடினாலும், அவர் இறந்தாலும், சிவில் வழக்கும் வராது, கிரிமினல் வழக்கும் வராது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 168, 169 இன்னும் தெளிவு. பெயர், முகவரி, போன் நம்பரைச் சொல்லும்படி போலீசோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சியாக இருக்க அவரே சம்மதித்தால்தான் விசாரணை. அதுவும் அவருக்குத் தோதான இடத்தில், நேரத்தில், சீருடை இல்லாத அதிகாரி வந்து, ஒரே தடவையில் முடிக்க வேண்டும். ஸ்டேஷனுக்குத்தான் வர வேண்டும் என்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

கேஷுவாலிட்டி_டூட்டி:
ஆஸ்பத்திரி பக்கம் நான் சொல்றேன். "போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குப் போங்க"ன்னு வாசலிலேயே திருப்பி அனுப்ப எந்த டாக்டருக்கும் அதிகாரம் கிடையாது. 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு டாக்டர், தனியார் டாக்டர்னு பார்க்காம எல்லாரையும் கட்டுப்படுத்தி, உயிரைக் காப்பாத்துறதுதான் முதல் கடமைன்னு சொல்லிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 134-லயும் டூட்டி டாக்டர் எந்த நடைமுறைக்கும் காத்திருக்காம சிகிச்சை தரணும்னு இருக்கு. ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி, ஸ்டேஷனுக்கு இன்டிமேஷன் எல்லாம் நாங்க பார்த்துக்க வேண்டிய வேலை. கொண்டுவந்தவர் நின்னு முடிச்சுக் கொடுக்கணும்னு இல்லை.

பணம்: கொண்டுவந்தவர் உறவினரா இல்லைன்னா அட்மிஷன், ரிஜிஸ்ட்ரேஷன் பேர்ல அவர்கிட்ட கேட்கக் கூடாது. 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற வழிகாட்டுதல்ல இது இருக்கு. இன்னொண்ணு, டிரைவருங்களுக்கு அவசியம் சொல்லுங்க: கன்சென்ட் ஃபாரத்தில் (சிகிச்சைக்கான சம்மதப் படிவம்) கையெழுத்து போட வேண்டாம். நினைவில்லாம, சொந்தக்காரர் யாரும் இல்லாம வந்தவருக்கு அவசர ஆபரேஷன் பண்ண பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த தண்டனைச் சட்டம்) 30-ஆம் பிரிவு டாக்டருக்கே இடம் கொடுக்குது.

டிரைவர் வாயைத் திறக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. ஏ.ஆர்.ல "எப்படி நடந்தது"ன்னு ஒரு வரி எழுதுவோம். அவசரத்தில் யாராவது "பைக்ல இருந்து விழுந்துட்டார்"னு சொன்னா அப்படியேதான் பதிவாகும். லாரி இடிச்சிருந்தாலும் அந்த வரி பின்னாடி அடிபட்டவரை விடாது. பார்த்ததை மட்டும் சொல்லுங்க. பார்க்கலைன்னா "நான் வரும்போது கீழே கிடந்தார்"னு சொன்னா போதும், யூகிக்க வேண்டாம்.

கிளெய்ம்ஸ்_வக்கீல்:
டாக்டர் சொன்ன அந்த ஒரு வரிக்காக விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வருஷக்கணக்கில் வாதாட வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் காகிதமே ஏ.ஆர். காப்பிதான். "தானாக விழுந்தார்" என்றிருந்தால், வண்டியைப் பின்னால் செட்டப் செய்து சேர்த்துவிட்டார்கள் என்று எதிர்வாதம் வந்துவிடும்.

சரக்குவேன்_ஓசூர்:
ரொம்ப நன்றி. இடிச்சது நம்ம வண்டின்னா? "நின்னா அடிச்சே கொன்னுடுவாங்க"ன்னு டிரைவருங்க சொல்றாங்க. ஓடினா 10 வருஷம்னும் ஒரு பேச்சு இருக்கு.

கிளெய்ம்ஸ்_வக்கீல்:
அந்த 10 வருடம் பி.என்.எஸ். 106(2). 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் போராடியதும் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1-ல் சட்டம் வந்தபோதும் அந்த உட்பிரிவை மட்டும் அமல்படுத்தவில்லை. நடப்பில் இருப்பது 106(1): கவனக்குறைவால் மரணம், 5 ஆண்டு வரை. அதற்காக ஓடலாம் என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவு டிரைவர் மீது மூன்று கடமைகளைச் சுமத்துகிறது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். போலீஸ் கேட்டால் விவரம் தர வேண்டும், போலீஸ் இல்லையென்றால் பக்கத்து ஸ்டேஷனில் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: பாலிசி எண், நாள், நேரம், இடம், காயம்பட்டவர் விவரம், டிரைவர் பெயர், லைசென்ஸ். மீறினால் 187-ன் கீழ் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

கூட்டத்துக்குப் பயப்படுவது நியாயம்தான், சட்டமே அதை ஒப்புக்கொள்கிறது. கும்பலின் ஆத்திரத்தால் முடியவில்லை என்றால் சிகிச்சைக் கடமையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லும் கடமைக்கு இல்லை. இடத்தை விட்டு நகர்ந்தால் நேராக ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், நகர்ந்தபடியே 112-க்குச் சொல்லிவிட வேண்டும். அந்த அழைப்புப் பதிவே "தப்பி ஓடினார்" என்ற குற்றச்சாட்டுக்குப் பதில். பம்பரைத் தட்டி நிமிர்த்துவது, ரத்தக்கறையைக் கழுவுவது எதுவும் கூடாது. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்து முடிக்கும்வரை வண்டி அப்படியே இருக்கட்டும்.

ஓனருக்கும் கடமை உண்டு. 133-ஆம் பிரிவுப்படி, ஓட்டியவர் யார், லைசென்ஸ் என்ன என்று போலீஸ் கேட்டால் நீங்கள் சொல்லியாக வேண்டும். டிரைவரை மாற்றிக் காட்டும் வேலை வேண்டவே வேண்டாம். டிரிப் ஷீட், ஜி.பி.எஸ்., டோல் ரசீது எல்லாம் காட்டிக் கொடுத்துவிடும்.

நீலவிளக்கு108:
அறிவிப்பில் முதலுதவிக்கு நாலு வரி ஒதுக்குங்க. வேனை 20, 30 மீட்டர் தள்ளி ஓரமா நிறுத்தி, நாலு இண்டிகேட்டரும் எரியவிடணும். இல்லைன்னா பின்னாடி வர்ற வண்டி ரெண்டாவது விபத்தை உண்டாக்கும். 108-க்குப் பேசும்போது ஊர்ப் பெயரோட ரோடு எந்தப் பக்கம் போகுது, பக்கத்துல இருக்கிற கிலோமீட்டர் கல் எண் என்னன்னு சொல்லுங்க. நடுவுல தடுப்பு இருக்கிற ரோட்டுல பக்கம் மாறினா ஆம்புலன்ஸ் அடுத்த யூ-டர்ன் வரைக்கும் போய்த் திரும்பணும். தேசிய நெடுஞ்சாலைன்னா 1033-ம் இருக்கு.

ரத்தம் வர்ற இடத்துல சுத்தமான துணியை வச்சு, எடுத்து எடுத்துப் பார்க்காம அழுத்திப் பிடிங்க. குத்தி நிக்கிற கம்பியைப் பிடுங்காதீங்க. மூச்சு போய்க்கிட்டிருந்தா ஹெல்மெட்டைக் கழட்ட வேண்டாம். தண்ணி கொடுக்கவே கூடாது, நினைவு தப்பினா மூச்சுக்குழாய்ல போயிடும், ஆபரேஷன்னா வயிறும் காலியா இருக்கணும். கையும் காலும் பிடிச்சுத் தூக்கி வேன்ல போடறதுதான் நாங்க அதிகம் பார்க்கிற தப்பு. கழுத்தெலும்பு உடைஞ்சிருந்தா அந்தத் தூக்குலயே கைகால் விளங்காம போகலாம். தீ, புகை, வர்ற வண்டின்னு ஆபத்து இருந்தா ஒழிய நகர்த்தாதீங்க.

கேஷுவாலிட்டி_டூட்டி:
அரசாங்கத்தோட பங்கையும் சேர்த்துடுங்க. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர்ல இருந்து "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" இருக்கு. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வெளிமாநிலத்தவர், காப்பீட்டு அட்டை இல்லாதவர் எல்லாருக்கும் பொருந்தும். முதல்ல 1 லட்சம் வரைன்னு இருந்தது, பிறகு 2 லட்சம் ஆச்சு. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும்.

உங்க வேன் மாநில எல்லையைத் தாண்டினா மத்திய அரசோட 2025 திட்டம்: 7 நாள், 1.5 லட்சம் வரை. அதுக்கு போலீஸ் விபத்தை ஆன்லைனில் உறுதி செய்யணும். அதனாலதான் 112-க்கு யாராவது சொல்லியிருக்கணும்.

"பெட் இல்லை, நிதி இல்லை"ன்னு அரசு ஆஸ்பத்திரி கைவிரிக்க முடியாது. ரயில்ல இருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை கொல்கத்தாவில் அரசு ஆஸ்பத்திரிகள் ஒண்ணு மாத்தி ஒண்ணு திருப்பி அனுப்பின வழக்கில், அது அரசியலமைப்போட 21-ஆவது விதி (உயிர் வாழும் உரிமை) மீறல்னு 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்க வச்சது.

கிளெய்ம்ஸ்_வக்கீல்:
இடித்த வண்டி தெரியவில்லை என்றாலும் வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆம் பிரிவில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. வருவாய்க் கோட்ட அளவிலான அதிகாரியிடம் மனு போட வேண்டும். இதைக் குடும்பத்துக்கு யாரும் சொல்வதில்லை.

அறிவிப்பின் அடியில் வண்டி எண், பாலிசி எண், இன்சூரன்ஸ் கம்பெனி போன் எண், ஓனர் எண்ணுக்கு இடம் விடுங்கள். பாலிசி புதுப்பிக்கும்போது அந்த வரியையும் மாற்றி ஒட்டுங்கள்.