ஒரே வருசத்தில் ரயிலில் இத்தனை மாற்றமா? அப்புச்சியை ராமேஸ்வரம் கூட்டிப்போக வழி சொல்லுங்க

கோபி கவிதா:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) 74 வயது, அம்மாயிக்கு (அம்மாவின் அம்மா) 70. பாம்பன் புதுப் பாலத்தில் ரயிலில் போகவேண்டும் என்பது அப்புச்சியின் ஆசை. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியபோதே ராமேஸ்வரம் போவதாக இருந்தார். மண்டபத்தோடு ரயில் நின்றுவிடும் என்று தெரிந்ததும் பயணத்தையே தள்ளி வைத்துவிட்டார். 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்ததை டிவியில் பார்த்ததிலிருந்து எங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தை முடிவதற்குள் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன்.

எங்கள் கோபிசெட்டிபாளையத்துக்கு ரயில் கிடையாது, ஈரோட்டுக்குப் பஸ் ஏறித்தான் போகவேண்டும். டிக்கெட் போடலாம் என்று நாலு பேரிடம் விசாரித்தால் நாலு விதமாகச் சொல்கிறார்கள். ஆதார் இல்லாதவர் ரயில் ஏறவே முடியாதாம், கவுண்டரில் தட்கல் (கடைசி நேர முன்பதிவு) கொடுப்பதில்லையாம், வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தால் இறக்கிவிடுவார்களாம், கட்டணமும் இரண்டு தடவை ஏறிவிட்டதாம். அப்புச்சியிடம் இருப்பது பட்டன் போன். அவர் ஆதாரில் இருக்கும் நம்பர் இப்போது பயன்பாட்டில் இல்லை. 2025இல் உண்மையில் என்னதான் மாறியது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பொள்ளாச்சி ராசு:

பாலம் திறந்ததில் எங்களுக்கும் சந்தோசம்தான். ஆனால் மீட்டர் கேஜ் காலத்தில் கோவையிலிருந்து ராமேஸ்வரம் ரயில் பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை வழியாகத்தான் போனது. பாதையை மாற்ற 2009 வாக்கில் மூடினார்கள். பழனி வரை 2015இல் அகலப் பாதை வந்தது, போத்தனூர் பக்கம் 2017இல் வந்தது. தண்டவாளம் வந்ததே தவிர அந்த நேரடி ரயில் திரும்ப வரவில்லை. இப்போது கோவையிலிருந்து வாரம் ஒரு முறை போகும் ராமேஸ்வரம் ரயில் ஈரோடு, திருச்சி வழியாகச் சுற்றிப் போகிறது. உங்களுக்கு அது ஈரோட்டிலேயே கிடைக்கும், அதையே பாருங்க.

ஈரோடு சுப்பு (ஓய்வு, முன்பதிவு):

அம்மணி, நான் முன்பதிவு கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவன். இன்றைக்கும் ஜங்ஷன் பக்கம் போனால் வரிசையில் நிற்பவர்கள் முன்பதிவுப் படிவத்தை நீட்டிச் சந்தேகம் கேட்பார்கள். நீங்கள் கேட்டது பாதிப் பேர் கேட்கிற கேள்விதான்.

முதலில் ஆதார். பயணம் செய்கிறவர் எல்லாருக்கும் ஆதார் ஓடிபி வேண்டும் என்பது தவறான பேச்சு. 2025 ஜூலை 1 முதல் ரயில்வேயின் ஐஆர்சிடிசி இணையதளத்தில் தட்கல் எடுக்க, டிக்கெட் போடுகிறவருடைய கணக்கு ஆதாரோடு சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஜூலை 15 முதல் அதற்கு ஓடிபியும் சேர்ந்தது. அதாவது உங்கள் கணக்கு, உங்கள் போன். அப்புச்சியின் பழைய நம்பர் இதில் எங்கும் குறுக்கே வராது. ரயிலில் அவர் காட்டவேண்டியது ஏதாவது ஒரு அசல் அடையாள அட்டைதான். வாக்காளர் அட்டையே போதும், ஒரே டிக்கெட்டில் போகிறவர்களில் ஒருவர் காட்டினால் சரி.

கவுண்டர் தட்கலை யாரும் மூடவில்லை. ஏசிக்குக் காலை 10 மணி, ஏசி இல்லாததற்கு 11 மணி என்பது பழையபடியே இருக்கிறது. அங்கேயும் ஓடிபி படிப்படியாக வருகிறது. ஆனால் அது படிவத்தில் நீங்கள் எழுதித் தரும் போன் நம்பருக்கு வரும். பட்டன் போனாக இருந்தாலும் குறுஞ்செய்தி வருமல்லவா? கையில் எடுத்துக்கொண்டு போனால் சரி. தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகள் டிக்கெட் போடக்கூடாது என்று வைத்தது வரிசையில் நிற்கிறவனுக்குக் கிடைத்த பெரிய நியாயம். அதை நான் மனதார வரவேற்கிறேன்.

பயணத்துக்கு 60 நாளுக்கு முன்பிருந்துதான் முன்பதிவு என்ற கணக்கு 2024 நவம்பரிலேயே வந்துவிட்டது, முன்பு 120 நாள். அந்த 60ஆவது நாளில் முன்பதிவு திறக்கும்போது, சாதாரண டிக்கெட்டுக்கும் இணையத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குக்குத்தான் முதலில் வழி. 2025 அக்டோபர் 1 அன்று 15 நிமிடம் என்று தொடங்கியதைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிவிட்டார்கள். கவுண்டருக்கு இந்தத் தடை இல்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை பெரிதாகக் கலங்க வேண்டாம். விரைவு ரயிலில் ஏசி இல்லாத வகுப்புக்கு 2025 ஜூலையில் கிலோமீட்டருக்கு 1 பைசா, டிசம்பர் 26 அன்று 2 பைசா ஏறியது. ஈரோட்டிலிருந்து சென்னை 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆக இரண்டும் சேர்ந்து 12 ரூபாய்க்குள்தான். எனக்கு வருத்தம் இதில் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகை இன்னும் திரும்பவில்லை. உங்கள் அப்புச்சிக்கு 40 சதவீதமும் அம்மாயிக்கு 50 சதவீதமும் குறைந்திருக்க வேண்டிய டிக்கெட் அது. அதைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று நான் எங்கே பேசினாலும் சொல்கிறேன்.

அப்புறம், 2025இன் பெரிய மாற்றம் எது என்று என்னைக் கேட்டால், பாலத்தையும் வந்தே பாரத்தையும் விட சார்ட் (யாருக்கு எந்த இடம் என்ற இறுதிப் பட்டியல்) போடும் நேரத்தைத்தான் சொல்வேன். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் ரயில் புறப்பட 4 மணி நேரத்துக்கு முன்னால்தான் சார்ட் போடுவார்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸ் ராத்திரி 9 மணிவாக்கில் ஈரோட்டிலிருந்து கிளம்புகிறது என்றால் சார்ட் வரச் சாயங்காலம் 5 மணி. அந்தியூரிலும் சத்தியமங்கலத்திலும் இருப்பவர் அந்நேரம் மூட்டை கட்டிப் பஸ் ஏறிவிட்டிருப்பார். ஜங்ஷனுக்கு வந்து பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட் 3, 4 என்று நிற்கும். திரும்பிப் போகப் பஸ்ஸும் இருக்காது. கைக்குழந்தையோடும் ஆஸ்பத்திரி பைலோடும் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று "ஒண்ணாச்சும் குடுங்க சார்" என்று கேட்டவர்களை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். சார்ட் போட்ட பிறகு எழுத்தர் கையில் எதுவும் இல்லை என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

2025 ஜூலையில் அது 8 மணி நேரம் ஆனது. டிசம்பரில் 10 மணி நேரம் என்றார்கள். காலை 5 மணிக்கு மேல் மதியம் 2 மணிக்குள் கிளம்பும் ரயிலுக்கு முந்தின நாள் இரவு 8 மணிக்கே சார்ட். ஏற்காடு எக்ஸ்பிரஸுக்கு இப்போது காலை 11 மணிவாக்கில் தெரிந்துவிடும். இல்லை என்றானால் பஸ்ஸுக்கோ அடுத்த ரயிலுக்கோ ஏற்பாடு செய்துகொள்ளப் பகல் முழுக்க இருக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு இதன் அருமை தெரியாது. உங்கள் கோபிக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் கவனமாக வைத்துக்கொள்ளுங்க. இந்தக் கணக்கு ரயில் கிளம்புகிற முதல் ஊரை வைத்து, நீங்கள் ஏறுகிற ஊரை வைத்து அல்ல.

திருப்பூர் பனியன் செல்வி:

சுப்பு ஐயா சொன்னதோடு எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். நான் தையல் பிரிவில் சூப்பர்வைசர். எங்கள் லைனில் பாதிப் பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். சத் பூஜைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஆலப்புழை–தன்பாத் ரயிலில் கழிவறை வாசல் வரை உட்கார்ந்து போவதைப் பார்த்தால் நமக்கே பொறுக்காது. 2025 செப்டம்பர் 15 அன்று ஈரோடு–ஜோக்பனி அம்ரித் பாரத் ரயில் தொடங்கினார்கள். ஜோக்பனி பீகாரில் நேபாள எல்லையில் இருக்கிறது. ஏசியே இல்லாத ரயில், சாதாரணப் பெட்டிகளும் ஸ்லீப்பரும்தான். முன்னும் பின்னும் எஞ்சின் வைத்து ஓடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வந்தே பாரத்தை விட இதுதான் ரயில். ஆனால் வாரம் ஒரு நாள் மட்டும், அதுவும் ஈரோட்டிலிருந்து. திருப்பூரில் வேலை செய்கிறவர்கள் ஈரோடு போய்த்தான் ஏறவேண்டும். வாரம் இரண்டு தடவையாவது ஆக்கி, கோவையிலிருந்து விட்டால் எத்தனையோ பேர் நின்றுகொண்டு போவது குறையும்.

ஆதார் சிக்கலும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் நிஜமாகவே இருக்கிறது. இங்கே வந்ததும் புது சிம் வாங்கிவிடுகிறார்கள், ஆதாரில் ஊர் நம்பர் இருக்கிறது. ஆப்பில் கணக்கைச் சரிபார்க்க முடிவதில்லை.

கோபி கவிதா:

ரொம்ப நன்றிங்க ஐயா, நன்றிங்க செல்வி அக்கா. பாதிக் கவலை தீர்ந்தது. இன்னும் இரண்டே சந்தேகம். நான், அம்மா, அப்புச்சி, அம்மாயி நாலு பேரும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அவர்களுக்குக் கீழ் படுக்கை கிடைக்குமா? கவுண்டரில் எடுத்த டிக்கெட் வெயிட்டிங்கிலேயே நின்றுவிட்டால் ஏறலாமா? அம்மாயிக்கு முழங்கால் வலி, மேலே ஏற முடியாது.

ஈரோடு சுப்பு (ஓய்வு, முன்பதிவு):

நாலு பேரை ஒரே டிக்கெட்டில் போடாதீங்க அம்மணி. கீழ் படுக்கைக்கு மூத்தவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆண் 60 வயதுக்கு மேல், பெண் 45 வயதுக்கு மேல். ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான். ஆகவே அப்புச்சி, அம்மாயி இருவருக்கும் அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட், உங்களுக்கும் அம்மாவுக்கும் இன்னொன்று. பெட்டி மாறினாலும் பரவாயில்லை, ராத்திரி ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழு வெயிட்டிங்காகவே நின்றால் தானாக ரத்தாகிவிடும். கவுண்டர் டிக்கெட் தானாக ரத்தாகாது, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏற முடியாது. 2025இலிருந்து இதில் கண்டிப்பு அதிகம். பொதுப் பெட்டியில்தான் போகவேண்டும். 70 வயதுக்காரரை அப்படிக் கூட்டிப்போக வேண்டாம். ஆர்ஏசி என்று வந்தால் ஏறலாம், உட்காரவாவது இடம் உண்டு.

செல்வி அம்மா, உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்க. ஆதாரில் போன் நம்பர் மாற்ற ஊருக்குப் போகவேண்டியதில்லை. எந்த ஆதார் மையத்திலும் மாற்றலாம், 2025 அக்டோபரிலிருந்து கட்டணம் 75 ரூபாய். தபால்காரரே செய்து தரும் வசதியும் இருக்கிறது. உங்கள் கம்பெனிக்குத் தபால் கொண்டுவருகிறவரிடம் கேட்டால் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வரச் சொல்லலாம்.