புதுப்பிப்பு: அவுட்டர் வைல்ட்ஸ் வீடியோ கேமில், ஜயண்ட்ஸ் டீப் கிரகத்தின் மையத்துக்குள் போயாச்சு (கதை உடையும், கவனம்)

என் கேள்வி: கடலுக்கடியில் ஓடும் நீரோட்டத்தைக் கப்பல் துளைக்கவில்லை, என்ன வழி? பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. பட்டர்வொர்த் அண்ணன் சொன்னதுதான் வேலை செய்தது. சூறாவளிகளில் ஒன்று மட்டும் எதிர்த்திசையில் சுழலும். மற்றவை தூக்கி எறியும், இது கீழே அமுக்கும். கப்பலோடு அதற்குள் நுழைந்தால் போதும். வேகமாக முட்டிப் பார்ப்பது வீண்.

எதிர்பாராதது அடுத்துதான்: மையத்தைச் சுற்றி மின்தடுப்பு, கப்பல் செல்லாது. விண்ணுடையோடு வெளியேறி, ஜெல்லிமீனின் அடிவழியே அதன் உடலுக்குள் ஏறுங்கள். உள்ளே மின்சாரம் தாக்காது. அது இறங்கும்போது கூடவே இறங்கி, தடுப்பைத் தாண்டியதும் வெளியே வாருங்கள். ஒரு காலச் சுழற்சி (முடிந்ததும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்) ஏறக்குறைய 22 நிமிடம்தான், வேறெங்கும் சுற்றாமல் நேராக இங்கே வந்துவிடுங்கள் லா.