தலையில் அடிபட்ட தம்பிக்கு நியூரோஃபீட்பேக்: 40 முறைக்கும் முன்பணம் கட்டலாமா?

கெடிலக்கரை:
கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் தம்பி ரெட்டிச்சாவடி பக்கம் பைக்கிலிருந்து விழுந்து, தலையில் ரத்தம் கட்டி ஆபரேஷன் ஆனது. இப்போது நடக்கிறான், சாப்பிடுகிறான், பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனால் அதோடு சரி, கருகின வாசனை வந்து நாங்கள்தான் ஓடவேண்டும், கேட்டால் கத்துகிறான். பாண்டியில் ஒரு இடத்தில் நியூரோஃபீட்பேக் என்று மூளைக்கு ஒரு பயிற்சி தருகிறோம் என்கிறார்கள். முறைக்கு 1,500, மொத்தம் 40 முறை, முழுப் பணமும் முதலிலேயே. தலையில் கரண்ட் வைப்பார்களோ என்று அம்மாவுக்குப் பயம். யாராவது செய்து பார்த்தீர்களா?

பழைய டெக்னீஷியன்:
மூளை அலையைப் பதிவு செய்யும் டெஸ்டான இ.இ.ஜி. எடுக்கும் வேலையில் இருந்தவன் நான். கரண்ட் எதுவும் உள்ளே போகாது, அம்மாவிடம் சொல்லுங்கள். தலையில் பசை தடவி ஒட்டுகிற கம்பிகள் மூளையிலிருந்து வரும் அலையைப் படிக்கும், அவ்வளவுதான். வேண்டிய அலை வந்தால் திரையில் படம் ஓடும், வராவிட்டால் மங்கும். அதைப் பார்த்துப் பார்த்து மூளை பழகும் என்பதுதான் கணக்கு. 1960களில் அமெரிக்காவில் பேரி ஸ்டெர்மன் என்ற ஆராய்ச்சியாளர் பூனைகளுக்கு 12-15 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 12-15 தடவை துடிக்கிற மூளை அலையைப் பழக்கினார். பிறகு வலிப்பை உண்டாக்கும் ராக்கெட் எரிபொருள் ஒன்றைக் கொடுத்தபோது அந்தப் பூனைகளுக்கு மற்றப் பூனைகளைவிட வலிப்பு வர நேரம் பிடித்தது. ஆக, இது ஆரம்பித்தது வலிப்பில், மறதியில் இல்லை. தலைக்காயத்துக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியில்கூட இதை ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள், ஆனால் இதுவரை வந்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். அடிபட்ட முதல் வருடம் மூளை தானாகவும் கொஞ்சம் தேறும், அதையும் சேர்த்து மெஷின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். இன்னொன்று, பல்லைக் கடித்தாலே திரையில் கோடு எகிறும். அதை மூளை அலை என்று எண்ணாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

லாஸ்பேட்டை அக்கா:
என் வீட்டுக்காரருக்கு 20 முறை செய்தோம் தங்கச்சி. தூக்கம் நன்றாக வந்தது, எரிச்சலும் குறைந்தது, பொய் சொல்லமாட்டேன். மறதி மட்டும் அப்படியே. அதற்கு உதவியது சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டும் போன் அலாரமும்தான். குக்கரை வைத்ததும் அலாரம் வைக்கணும், அது அடிக்கும்வரை சமையற்கட்டை விட்டு நகரக்கூடாது, இப்படியே மூன்று மாதம் பிடிவாதமாகப் பழக்கினோம். முதலில் ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டு ஞாபகம், கவனம் எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மார்க் கையில் இல்லாமல் 10 முறைக்குப் பிறகு தேறினானா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? 40க்கும் சேர்த்துக் கட்டாதீர்கள், பத்துப் பத்தாகக் கட்டுகிறோம் என்று கேளுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள். வலிப்பு மாத்திரை ஓடினால் அங்கே யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லணும்.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. மாத்திரை ஓடுகிறது, நிறுத்தமாட்டோம். திங்கட்கிழமை டெஸ்டுக்குக் கேட்கப் போகிறோம். கரண்ட் இல்லை என்றதும் அம்மாவுக்குப் பாதி பயம் போய்விட்டது. இ.இ.ஜி.க்குத் தலையில் எண்ணெய் இல்லாமல் வரச் சொல்வார்களாமே, இப்போது அதுதான் அவருக்குக் கவலை.