டிடிபி கடை கம்ப்யூட்டர்: விண்டோஸ் 10-லேயே ஓட்டலாமா, 11-க்கு மாறணுமா?

திருமங்கலம்_டிடிபி:

வணக்கம். கடையில் ரெண்டு கம்ப்யூட்டர் ஓடுது.

முதலாவது ஐ3-8100, எச்310 போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். வாட்ஸ்அப் வெப், மெயில், ஆன்லைன் விண்ணப்பம், ஃபோட்டோஷாப் எல்லாம் இதில். இரண்டாவது ஐ5-4570, 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி. பேஜ்மேக்கர் 7, டாங்கிள் (மென்பொருள் ஓட யுஎஸ்பியில் செருகும் பூட்டு) செருகி ஓட்டும் பழைய ஸ்ரீலிபி தமிழ் ஃபாண்ட் மென்பொருள், கேனான் எல்பிபி 2900 பிரிண்டர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் வேலை முழுக்க இதில்தான்.

ரெண்டிலும் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு, 22எச்2. சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிருச்சு. 11 ஓடுமான்னு பார்க்கும் பிசி ஹெல்த் செக் ஓட்டினால் முதல் மிஷினுக்கு டிபிஎம் 2.0 (11 கேட்கும் பாதுகாப்புப் பகுதி) இல்லைங்குது, ரெண்டாவதுக்கு பிராசஸரே ஆகாதுங்குது. பத்து வருஷப் பத்திரிகை ஃபைல் அத்தனையும் பழைய ஃபாண்ட்டில் கிடக்கு. புதுசு வாங்குறதா, இருக்கிறதையே ஏத்துறதா?

வைகைக்கரை:

ரெண்டு மிஷினுக்கும் ஒரே பதில் கிடையாது. முதலாவதுக்கு 11 போடுங்க. இரண்டாவதை இப்போதைக்கு விட்டுருங்க.

முதலாவதில் டிபிஎம் இல்லாமல் இல்லை, அணைச்சு வச்சிருக்கு. எட்டாம் தலைமுறை இன்டெலில் அது சிப்செட் ஃபர்ம்வேரிலேயே வருது. பயாஸில் (மிஷின் ஆன் ஆனதும் உள்ளே போகும் போர்டு செட்டிங்) அதுக்குப் பேரு பிடிடி. சில போர்டில் பிசிஎச் ஃபர்ம்வேர் பகுதிக்குள்ள இருக்கும், சிலதில் பெரிபெரல்ஸ் பகுதியில். அதை எனேபிள் பண்ணினால் அந்தப் புகார் போயிரும்.

அடுத்து 11 கேட்கும் செக்யூர் பூட் (நம்பகமான பூட் ஃபைலை மட்டும் ஓட விடும் செட்டிங்), அதிலதான் எல்லாரும் மாட்டுறது. உள்ளூரில் அசெம்பிள் பண்ணின மிஷினில் பெரும்பாலும் டிஸ்க் பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் முறையில் இருக்கும், பூட் லெகஸி என்னும் பழைய முறையில் இருக்கும். அப்படியே பயாஸில் சிஎஸ்எம்மை (லெகஸி பூட்டை அனுமதிக்கும் செட்டிங்) அணைச்சு யுஇஎஃப்ஐ என்னும் புது பூட் முறைக்கு மாத்தினால் விண்டோஸ் கிளம்பாது, பூட் டிவைஸ் இல்லைன்னு கறுப்புத் திரை நிக்கும். பயப்பட வேண்டாம், சிஎஸ்எம்மைத் திரும்பப் போட்டால் பழையபடி வந்துரும். முதலில் டிஸ்கை ஜிபிடிக்கு (யுஇஎஃப்ஐக்கு வேண்டிய புது பார்ட்டிஷன் முறை) மாத்தி, பிறகுதான் பயாஸைத் தொடணும். விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியில் முதலில் வேலிடேட் (மாத்த முடியுமான்னு சோதனை) மட்டும் ஓட்டிப் பாருங்க. சி, டி, இ-ன்னு பிரிச்சுக் கொடுத்திருந்தால் டியும் இயும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள்ள லாஜிக்கல் டிரைவா இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் அந்தக் கருவி மாத்தாது.

அதனால் அந்தச் சுத்து வழி வேண்டாம். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கிக்கங்க. ஹார்டு டிஸ்கில் 11 ஓட்டினால் மிஷின் நகராது, எப்படியும் எஸ்எஸ்டி தேவை. பழைய டிஸ்கின் டேட்டா கேபிளைக் கழட்டிட்டு, பிடிடி, யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட் மூணையும் போட்டுட்டு, 8 ஜிபி பென்டிரைவில் மீடியா கிரியேஷன் டூல் வச்சு எடுத்த 11-ஐ எஸ்எஸ்டியில் புதுசா ஏத்துங்க. கேபிளைக் கழட்டாமல் விட்டால் பூட் ஃபைல் பழைய டிஸ்கில் போய் உக்கார்ந்துக்கலாம், அப்படி ஆனால் பின்னாடி அந்த டிஸ்க் போனால் எஸ்எஸ்டியும் எழும்பாது. 11 சரியா வந்தப்புறம் கேபிளை மாட்டினால் பழைய ஃபைல் அப்படியே தெரியும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசென்ஸ்னு இருக்கான்னு பாருங்க. இருந்தால், அதே போர்டு, அதே எடிஷன் (ஹோம்னா ஹோம், புரோன்னா புரோ) என்றால் கீ கேட்கும்போது இல்லைன்னு தாண்டிப் போகலாம், தானா ஆக்டிவேட் ஆகும். கிராக் போட்டுக் கொடுத்ததுன்னா ஆகாது.

இரண்டாவது மிஷினுக்கு இஎஸ்யு (விண்டோஸ் 10-க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்). விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்றதுக்கு லிங்க் இருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கட்டாயம். செட்டிங்ஸ் பேக்கப்பை அந்த அக்கவுண்டோட சேர்த்து வச்சால் காசு கிடையாது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

மாடக்குளம்:

ஐ5-4570-லயும் 11 ஓடுமே. ரூஃபஸ்ங்கிற மென்பொருளில் பென்டிரைவ் எழுதும்போது டிபிஎம், செக்யூர் பூட் சோதனையை நீக்குங்கிற கட்டத்தை டிக் பண்ணினால் போதும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு கேட்கும் எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் என்னும் பிராசஸர் வசதி ரெண்டும் நாலாம் தலைமுறையில் இருக்கு. கோர் 2 டியோவில்தான் பூட்டே ஆகாது. எதுக்கு ஒரு வருஷம் தள்ளிப் போடணும்?

வைகைக்கரை:

ஓடும்தான், மறுக்கலை. ஆனால் வருஷாவருஷம் வரும் பெரிய பதிப்பு அதுக்குத் தானா வராது, ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் ஃபைல்) இறக்கி ஒவ்வொரு தடவையும் இதே குறுக்கு வழியில் ஏத்தணும். ஹோம், புரோ பதிப்புகளுக்கு ஆயுசு 24 மாசம். மறந்தால் மறுபடி சப்போர்ட் இல்லாத விண்டோஸ்தான். மெமரி இன்டெக்ரிட்டியும் (ஆபத்தான டிரைவரை உள்ளே விடாத பாதுகாப்பு) ஏழாம் தலைமுறைக்கு முந்தின இன்டெலில் மிஷினை இழுத்துரும். வீட்டில் படம் பார்க்கிற கம்ப்யூட்டர்னா தாராளமா செய்யலாம். பத்திரிகை வேலை பார்க்கிற மிஷினில் எதுக்கு?

திருமங்கலம்_டிடிபி:

நன்றி அண்ணே. 2026 அக்டோபருக்கு அப்புறம் பேஜ்மேக்கர், ஸ்ரீலிபியை முதல் மிஷினுக்கே கொண்டுபோனால் 11-ல் வேலை செய்யுமா? ரெண்டுக்கும் நடுவில் ஃபைல் ஷேரிங்கும் வேணும்.

அச்சுக்கோப்பு:

பேஜ்மேக்கர் 7 2001-ல் வந்த 32-பிட் மென்பொருள். 11-ல் அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது. ஆனாலும் கம்பாட்டிபிலிட்டியில் எக்ஸ்பி எஸ்பி3 வச்சு, அட்மினா ஓட்டிப் பாருங்க. இன்ஸ்டாலரே 16-பிட்டா இருக்கும் இன்னும் பழைய சரக்கு எதுவும் 11-ல் ஏறாது, 11-க்கு 32-பிட் பதிப்பே இல்லை.

ஃபாண்ட்டில் ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. சும்மா ரெண்டு தடவை கிளிக் பண்ணி இன்ஸ்டால் கொடுத்தால் இப்போதைய விண்டோஸ் அதை உங்க யூசர் ஃபோல்டரில் மட்டும் போடும். பழைய மென்பொருள் விண்டோஸ் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் பார்க்கிறதால் பட்டியலில் வராது. ரைட் கிளிக் பண்ணி எல்லா யூசருக்கும் என்பதைத் தேர்ந்தெடுங்க. பழைய மிஷினின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுசா இப்பவே காப்பி எடுத்து வச்சிருங்க. ஃபைல் இருந்து ஃபாண்ட் இல்லைன்னா மாப்பிள்ளை பேரு கட்டம் கட்டமா, கிறுக்கலா நிக்கும்.

இன்னொண்ணு, ரீஜியன் செட்டிங்கில் யூடிஎஃப்-8 பீட்டான்னு ஒரு கட்டம் இருக்கு. அதை டிக் பண்ணக் கூடாது. யூனிகோடு தமிழுக்கு நல்லதுன்னு யாராவது சொல்லுவாங்க. பழைய ஃபாண்ட் எழுத்தில் பலதும் 127-க்கு மேலான எண்களில் உக்கார்ந்திருக்கிறதால் அது சிதறிரும். சிஸ்டம் லோகேலும் (யூனிகோடு அல்லாத மென்பொருளுக்கான மொழி) ஆங்கிலமாகவே இருக்கட்டும். புது மேட்டரை யூனிகோடில் அடிக்க தமிழ்99 விசைப்பலகை 11-லேயே இருக்கு, லோகேலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

டாங்கிள்தான் தலைவலி. அதன் பழைய டிரைவர் இருந்தால் கோர் ஐசொலேஷன் பக்கத்தில் மெமரி இன்டெக்ரிட்டி ஆன் ஆகாது. ஏற்கெனவே ஆன்ல இருந்தால் டிரைவரே ஏறாது. ஹாஸ்ப் வகை டாங்கிள்னா பழைய சிடியில் இருப்பதைப் போடாமல் புது சென்டினல் ரன்டைம் (அந்த டாங்கிளுக்கான டிரைவர்) இறக்கிப் போட்டுப் பாருங்க. எல்பிபி 2900-க்கு கேனானின் 64-பிட் டிரைவர் வேணும். இன்ஸ்டால் ஓடும்போது அது கேட்கிற வரைக்கும் யுஎஸ்பி வயரைச் செருகாதீங்க.

ஷேரிங்: 24எச்2-லேர்ந்து புரோவில் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேர் திறக்காது. ரெண்டு மிஷினிலும் ஒரே பேரில், ஒரே பாஸ்வேர்டில் ஒரு லோக்கல் யூசர் உண்டாக்கி அதுக்கு மட்டும் ஃபோல்டரைத் திறந்து விடுங்க. எவ்ரிஒன் (எல்லாருக்கும்) அனுமதி கொடுத்துட்டு ஏன் வரலைன்னு முட்டிக்கிட்டு இருக்க வேண்டாம்.

டாங்கிள் 11-ல் ஏறவே இல்லைன்னா ஐ5-ஐ நெட் இல்லாத மிஷினா வச்சுக்கலாம். ரவுட்டர் இல்லாமல் ரெண்டுக்கும் நடுவில் நேரா ஒரு லேன் கேபிள் மட்டும். வாடிக்கையாளர் கொண்டு வரும் பென்டிரைவ் எதுவும் அதில் ஏறக் கூடாது, எல்லாம் முதல் மிஷினில் ஸ்கேன் ஆகித்தான் போகணும்.

எட்டுப்பட்டி:

எப்போ செய்றதுன்னும் பார்த்துக்கங்க. எஸ்எஸ்டி மாத்துற வேலையை முகூர்த்தம் நெருக்கும்போது செய்யாதீங்க. ஐ5 பற்றின முடிவுக்கு வர்ற ஆடி சரியான நேரம், பத்திரிகை வேலை குறைவு, அக்டோபருக்கும் ரெண்டு மாசம் மிச்சம் இருக்கும். 11 ஏத்துற அன்னிக்கு உங்க ஏரியாவுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கான்னு பேப்பரில் பாருங்க. 600 விஏ யுபிஎஸ் பத்துப் பதினைஞ்சு நிமிஷம் தாங்கும், ஏத்தி முடிக்கிற வரைக்கும் தாங்காது.

11 ஏத்தின கையோட டிரைவ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கான்னு பார்த்து, ரிகவரி கீயை பேப்பரில் பிரிண்ட் எடுத்து பில் புக் இருக்கிற டிராயரில் போட்டு வைங்க. நாளைக்கு யாராவது பயாஸில் பிடிடியை அணைச்சுட்டால் 48 இலக்கம் கேட்டு நிக்கும்.